ஸ்கெலிட்டன் வாட்ச்: இரண்டு லட்சமா, இருபது லட்சமா, அதற்கும் மேலா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே ஓடுகிற மெஷின் வெளியே தெரியும்படி உலோகத்தை வெட்டிய வாட்சுக்குத்தான் ஸ்கெலிட்டன் வாட்ச் என்று பேர். அப்படி ஒன்று வாங்குவதென்றால் இரண்டு லட்சத்தை ஒட்டி, மெஷின் வெட்டிய நல்ல வாட்சை வாங்குங்கள். அல்லது கைவேலைக்குத்தான் காசு என்று லென்ஸ் வைத்தால் கண்ணுக்குத் தெரிகிற உச்சத்துக்குப் போங்கள். நடுவில் உள்ள பெரிய இடைவெளியில் நாம் கொடுக்கும் பணம் பெரும்பாலும் பேருக்கும் வடிவமைப்புக்கும் போகிறது. அதில் தப்பு எதுவும் கிடையாது, ஆனால் வேலைப்பாட்டுக்குக் கொடுத்த பணம் என்று நினைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாற்றம்தான்.

இதை இவ்வளவு யோசிக்க வைத்தவர் என் அக்கா வீட்டுக்காரர். மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். மகன் கல்யாணத்துக்குள் ஸ்கெலிட்டன் வாட்ச் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் படங்களாக அனுப்பித் தள்ளினார். ஓடெமார் பிகே ராயல் ஓக் டபுள் பேலன்ஸ் வீல் ஓப்பன்வொர்க்ட், கார்ட்டியே சாந்தோஸ் ஸ்கெலிட்டன், டிஸ்ஸோ ஸ்குலெட், ஹாமில்டன் ஜாஸ்மாஸ்டர் ஸ்கெலிட்டன், அப்புறம் ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற பேர் தெரியாத ஒன்று, எல்லாம் ஒரே வரிசையில். "விலையை நான் பாத்துக்கறேன் மாப்ள, வேலைப்பாடு எதுல நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லு" என்றார். "மச்சான், படத்துல பாத்து சொல்ல முடியாதுங்க, எல்லாமே படத்துல தங்கமாத்தான் தெரியும்" என்றேன். அது உண்மையும்கூட. கடைக்காரர் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வேலைப்பாட்டை எடைபோட முடியாது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், கையில் வாட்ச் கிடைக்கிற ஐந்து நிமிஷத்தில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஸ்கெலிட்டன் என்ற பேரில் விற்கிற பலவும் ஸ்கெலிட்டன் கிடையாது. டயலில் ஒரு ஓட்டை போட்டு உள்ளே முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் வீலை மட்டும் காட்டினால் அது ஓப்பன் ஹார்ட். டயலை மட்டும் வலைபோல வெட்டி, பின்னால் வாட்சை ஓட்டுகிற மெஷினை அப்படியே விட்டிருந்தால் அதுவும் அரைகுறைதான். உண்மையான ஸ்கெலிட்டனில் மெஷினைத் தாங்குகிற அடித்தட்டையும், பல்சக்கரங்களைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுகளையும், மெயின் ஸ்பிரிங் சுற்றியிருக்கும் டப்பாவையும்கூட வெட்டி, உயிரோடு ஓடுவதற்கு எவ்வளவு உலோகம் வேண்டுமோ அவ்வளவை மட்டும் விட்டுவைப்பார்கள். 1760 வாக்கில் பிரான்ஸில் ஆந்த்ரே-ஷார்ல் கரோன் என்ற கடிகாரக் கலைஞர் இந்த வகையை முதலில் செய்தவர் என்று சொல்வார்கள். பதினைந்தாம் லூயி மன்னருக்குக் கடிகாரம் செய்து கொடுத்தவர் அவர்.

உலோகத்தை வெட்டி எடுக்க எடுக்க வேலை குறையும் என்றுதான் தோன்றும், நடப்பது நேர்மாறு. சாதாரண மெஷினில் ஒரு பிரிட்ஜுக்கு வெளி ஓரம் மட்டும்தான். அதன் நடுவே ஒரு ஜன்னல் வெட்டினால் உள்ளேயும் ஒரு ஓரம் வருகிறது, அந்த ஜன்னலின் சுவர் வருகிறது, நாலு மூலை வருகிறது, மேலேயும் கீழேயும் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் இதே கதை. அதோடு தட்டு மெலிய மெலிய வளையும் அபாயமும் கூடும், வளைந்தால் சக்கரங்களின் அச்சு நகரும், நேரம் பிசகும். ஆகவே எங்கே வெட்டலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்பதிலேயே பாதி அறிவு இருக்கிறது.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க சுவிட்சர்லாந்து போக வேண்டியதில்லை. தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளை ஒட்டிய சந்துகளில் ஒரு பட்டறையில் பத்தர் பதக்கத்துக்குத் தகடு அறுப்பதைப் பாருங்கள். தகட்டில் கோடு போட்டு, நடுவில் பொடி ஓட்டை ஒன்று போடுகிறார். ரம்பத்தின் இழையை ஒரு பக்கம் கழற்றி, அந்த ஓட்டைக்குள் நுழைத்து, திரும்ப முறுக்கி மாட்டுகிறார். தலைமுடி கனம்தான் இருக்கும் அந்த இழை, கொஞ்சம் அழுத்தினால் படக்கென்று அறுந்துவிடும். நேர்க்கோட்டில் வேகமாகப் போகிறவர் மூலை வந்ததும் முன்னே தள்ளுவதை நிறுத்திவிடுவார். இழை இருந்த இடத்திலேயே மேலும் கீழும் போய்வர, இடது கை தகட்டை மெல்லத் திருப்பும். திரும்பி முடிந்ததும் மறுபடி முன்னே. அப்புறம் பொடி அரத்தால் சுவரைச் சீவி, மூலையில் தங்கியிருக்கும் உலோகத்தை அரத்தின் கூரான விளிம்பால் எடுக்கிறார். ஓடெமார் பிகேயின் ஊரான லெ பிராசூவில் கையால் ஸ்கெலிட்டன் செய்கிறவர்களும் இதே ரம்பத்தையும் இதே அரத்தையும்தான் காலங்காலமாகப் பிடித்திருக்கிறார்கள். இப்போது அங்கேயும் முதல் வெட்டை கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டுகிற சிஎன்சி மெஷினோ, கம்பியிலிருந்து பறக்கும் மின்பொறியால் உலோகத்தை அறுக்கிற மெஷினோ செய்து கொடுத்துவிடுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். கை எங்கே ஆரம்பிக்கிறது என்பதுதான் கேள்வி.

அது ஆரம்பிக்கிற இடம் உள்மூலை. நல்ல வாட்ச் மெஷினில் ஒவ்வொரு ஓரத்தையும் சரிவாகச் சீவிக் கண்ணாடி போல மின்ன வைத்திருப்பார்கள். இரண்டு சரிவுகள் உள்பக்கமாகச் சந்திக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பட்டறையில் வெட்டுகிற மெஷினில் சுழலும் கருவி உருண்டையானது, அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உள்மூலையில் ஒரு வளைவை விட்டுவிட்டுத்தான் திரும்பும். இரண்டு சரிவும் கத்திமுனை போலச் சந்தித்து, நடுவில் ஒற்றைக் கோடாக மடிந்திருந்தால் அங்கே ஒரு மனிதர் அரத்தோடு உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அரம் போட்ட பிறகு மெருகேற்ற, மலைப்பகுதியில் வளரும் ஜென்ஷியன் என்ற செடியின் காய்ந்த தண்டைக் கூராகச் சீவி, வைரப்பொடிக் குழம்பைத் தொட்டு அந்த மூலைக்குள் தேய்ப்பார்கள். கொஞ்சம் கை தவறினால் மடிப்பு மழுங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து. ஒரே ஒரு மூலைக்கு இவ்வளவு. வெளிமூலைகளையும் விட்டுவிடாதீர்கள். மொத்தமாக உருட்டி மெருகேற்றிய பாகத்தில் வெளிமுனைகள் சோப்பு கரைந்த மாதிரி மொழுமொழு என்று இருக்கும்.

அடுத்து ஜன்னல்களின் சுவர். வாட்சைச் சாய்த்துப் பிடித்து உட்பக்கச் சுவரைப் பாருங்கள். அச்சில் அடித்து வெட்டியிருந்தால் பாதிச் சுவர் வழவழப்பாகவும் மீதி பிய்த்து எடுத்தது போலச் சொரசொரப்பாகவும் இருக்கும், சில இடங்களில் பிசிறும் தெரியும். மின்பொறி மெஷின் வெட்டினால் சுவர் முழுக்க ஒரே சீரான மங்கல். கை பட்ட சுவரில் நீளவாக்கில் மெல்லிய இணைகோடுகள் ஓடும். பல வாட்சுகளில் மேல்பக்கம் மட்டும் ஜொலிக்கும், சுவர் மெருகில்லாமல் வெட்டியபடியே இருக்கும். விளம்பரப் படங்கள் நேர் மேலிருந்து எடுக்கப்படுவதால் அது தெரியவே தெரியாது. எனக்கு இந்தச் சுவர்தான் மூலையைவிட நம்பிக்கையான சாட்சி, ஏனென்றால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று விடப்படுகிற முதல் இடம் இதுதான்.

எஃகுப் பாகங்களில் கறுப்புப் பாலிஷ் என்று ஒன்று உண்டு. ஈயத்தட்டில் அல்ல, வெள்ளீயத் தட்டில் வைரக்குழம்பு வைத்துக் கையால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவருவது. ஒரு கோணத்தில் பார்த்தால் வெள்ளை வெளேர் என்று மின்னும், இம்மி திருப்பினால் முழுக் கறுப்பாகிவிடும், நடுவில் சாம்பல் நிறமே வராது. எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி பளபளப்பாக இருந்தால் அது சாதாரண பாலிஷ். நீலத் திருகாணிகளும் அப்படித்தான், எஃகை 300 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக்கும்போது வருகிற நீலம் வெளிச்சத்துக்குத் தக்கபடி கருநீலம், ஊதா என்று மாறும். சாயமாகவோ ரசாயனமாகவோ ஏற்றிய நீலம் எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே நீலம்தான்.

இதையெல்லாம் கடையின் எல்இடி விளக்குக்கு அடியில் பார்க்காதீர்கள். அந்த வெளிச்சத்தில் எட்டாயிரம் ரூபாய் வாட்சும் எண்பது லட்சம் வாட்சும் ஒன்றுபோலத்தான் ஜொலிக்கும். வாசல் பக்கம் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், வாட்ச் ரிப்பேர்காரர்களும் வைரம் பார்ப்பவர்களும் வைத்திருக்கிற 10 மடங்கு லென்ஸைக் கண்ணில் வைத்து, மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். லென்ஸ் வைக்க வேண்டாம் என்று ஒரு கடைக்காரர் தயங்கினால் அங்கே வாங்காதீர்கள்.

சரி, மச்சான் அனுப்பிய படங்களுக்கு வருவோம்.

சில ஆயிரம் ரூபாய் ஸ்கெலிட்டன்களைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அச்சில் வெட்டிய பிரிட்ஜ், மேலே மெஷின் போட்ட பூ வேலை, தங்க முலாம். நேரம் ஓடும், பார்க்க ஜோராக இருக்கும், பழுதானால் சரிசெய்வதைவிட புதிது வாங்குவது மலிவு. கல்லூரி போகிற பையனுக்கு, வாட்ச் எப்படி ஓடுகிறது என்று காட்டிக் கொடுக்க, நல்ல பரிசு. வேலைப்பாடு என்ற பேச்சே இங்கே வேண்டாம்.

ஹாமில்டன் ஜாஸ்மாஸ்டர் ஸ்கெலிட்டன் தானாகச் சாவி ஏறுவது, எச்-10-எஸ் மெஷின், ஒருமுறை முழுதாக ஏறினால் 80 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை ராத்திரி கழற்றி வைத்தால் திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது நடைமுறையில் பெரிய வசதி. ஆனால் நாம் முன்பக்கம் பார்ப்பதில் பெரும்பகுதி வெட்டிய டயல்தான், அதன் பின்னே மெஷின் எட்டிப் பார்க்கிறது. தினமும் கட்டுகிற வாட்சாக எனக்குப் பிடிக்கும், ஸ்கெலிட்டன் வேலைக்காக வாங்கச் சொல்ல மாட்டேன்.

டிஸ்ஸோ ஸ்குலெட் வேறு சங்கதி. உள்ளே இருப்பது 6497 மெஷின், யூனிடாஸ் என்று பழைய ரிப்பேர்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பாக்கெட் வாட்சுக்காக உருவானது. விட்டம் 36.6 மில்லிமீட்டர், அதாவது 43 மில்லிமீட்டர் கேஸுக்குள், வாட்சின் வெளிக்கூட்டுக்குள், கிட்டத்தட்ட ஓரம்வரை நிறைந்து உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் வெற்றிடத்தை மறைக்க வளையம் போட வேண்டியதில்லை. மணிக்கு 18,000 அடிப்பு, நொடிக்கு ஐந்து, ஆகவே அந்தப் பெரிய பேலன்ஸ் வீல் போய்த் திரும்புவதைக் கண்ணால் பின்தொடர முடிகிறது. வேகமான மெஷின்களில் அது வெறும் மினுமினுப்பாகத் தெரியும், இங்கே ஒவ்வொரு ஆட்டமும் தனித்தனி. சக்கரத்தின் ஆரங்கள் போல பிரிட்ஜை வெட்டியிருக்கிறார்கள், கோடுகள் சுத்தம். உள்மூலைகள் உருண்டைதான், மெஷின் வேலைதான், அதை மறைக்கப் பூ வேலை எதுவும் போடவில்லை. தினம் காலையில் கையால் சாவி கொடுக்க வேண்டும். இந்த விலைக்கு இதைவிட முழுமையான ஸ்கெலிட்டனை நான் பார்த்ததில்லை. மதுரையிலேயே இந்த மெஷினைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார்ட்டியே சாந்தோஸ் இருபது லட்சத்துக்கு மேல் போய்விடும். 9611 எம்சி மெஷின், இரண்டு ஸ்பிரிங் டப்பா, 72 மணி நேரம், இதுவும் கையால் சாவி கொடுப்பதுதான். இதன் யோசனை அபாரம். மற்றவர்கள் மெஷினை வெட்டிவிட்டு மணி பார்க்க எண்களை ஓரத்தில் ஒட்டவைக்கிறார்கள், கார்ட்டியே ரோமன் எண்களையே பிரிட்ஜாக்கிவிட்டது, எண்கள்தான் சக்கரங்களைத் தாங்குகின்றன. வடிவமைப்பு என்று பார்த்தால் மச்சான் அனுப்பியவற்றில் எனக்கு முதலிடம் இதற்குத்தான். ஆனால் கேட்ட கேள்வி வேலைப்பாடு. நேர்க்கோடுகள், பிரஷ் செய்த மேற்பரப்பு, அளந்து வைத்தது போன்ற துல்லியம், இதெல்லாம் மிக நல்ல மெஷின் வேலைக்கு உரிய குணங்கள். வாங்குவதென்றால் ரோமன் எண்ணில் வி-யின் உள்கோணத்திலும் எக்ஸ்-இன் நாலு இடுக்கிலும் லென்ஸை வைத்துப் பாருங்கள், அங்கே மடிப்பு கூராக இருக்கிறதா, உருண்டு திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு, பார்த்ததற்கு அந்த விலை தகுமா என்று முடிவெடுங்கள்.

ஓடெமார் பிகே டபுள் பேலன்ஸ் வீல் 2016இல் வந்தது. பேர் சொல்வது போலவே ஒரே அச்சில் மேலும் கீழுமாக இரண்டு பேலன்ஸ் வீல், அவற்றை ஆட்டுகிற முடிபோல மெல்லிய சுருள், ஹேர் ஸ்பிரிங், அதுவும் இரண்டு. ஆட்டத்தின் சமநிலை கூடும் என்பது நோக்கம், 3132 மெஷின், மணிக்கு 21,600 அடிப்பு, 45 மணி நேரம்தான் ஓடும். எண்களில் ஹாமில்டன் இதைத் தோற்கடித்துவிடும், ஆனால் லென்ஸ் வைத்தால் பேச்சு மாறிவிடும். பிரிட்ஜுகள் வேண்டுமென்றே கூர் உள்மூலைகள் வருகிற மாதிரி வரையப்பட்டிருக்கின்றன. உருண்டையாக விட்டிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும், அந்தச் சிரமத்தைத் தேடிப் போயிருக்கிறார்கள். ஓரச் சரிவுகள் அகலம் மாறாமல் ஓடி, மூலையில் மடிந்து, மறுபடி கிளம்புகின்றன. கேஸின் வெளிப்பக்கமும் அதே கண்டிப்போடு, பிரஷ் செய்த பரப்புக்கும் மின்னும் சரிவுக்கும் நடுவே எல்லைக் கோடு கலங்காமல் இருக்கும். மச்சானின் கேள்விக்கு நேர்ப் பதில் இதுதான்.

இதே உயரத்தில் வேறு வேண்டுமென்றால் ஜெனீவா முத்திரை உள்ள ஸ்கெலிட்டன்களைத் தேடலாம், வஷ்ரோன் கான்ஸ்டன்டின் போல. 1886இலிருந்து ஜெனீவா மாகாணம் கொடுத்துவரும் முத்திரை அது, பாகங்களின் ஓரமும் சுவரும் திருகாணியும் எப்படி முடிக்கப்பட வேண்டும் என்பதற்கே விதிகள் வைத்திருக்கிறார்கள். லென்ஸ் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு இது ஒரு பிடிமானம்.

ஒரு எச்சரிக்கை. அதிகமாகப் போலி வருகிற வாட்சுகளில் ராயல் ஓக்கும் ஒன்று. "துபாயிலிருந்து தெரிந்தவர் கொண்டுவந்தார், பாதி விலை" என்றால் கையை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவந்தால் ஏர்போர்ட் கஸ்டம்ஸில் சொல்லி, வரி கட்டி, ரசீதை வாட்ச் பெட்டியிலேயே வையுங்கள். பின்னால் விற்கவோ சர்வீஸுக்கு அனுப்பவோ அந்தத் தாள் வேண்டும்.

நம்ம ஊரில் கட்டிக்கொண்டு திரிய எது சரி என்பது தனிக் கணக்கு. பங்குனி சித்திரை வெயிலில் தோல் ஸ்ட்ராப் ஒரே சீசனில் நாறிப்போகும், ஸ்டீல் செயின் கேட்டு வாங்குங்கள். ஸ்கெலிட்டனில் சட்டென்று மணி பார்ப்பது கஷ்டம், முள்ளும் பின்னணியும் கலந்துவிடும், நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு இன்னும் கஷ்டம். ஆகவே முள்ளின் நிறம் மெஷினின் நிறத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று கையை நீட்டி வைத்து ஒருமுறை பாருங்கள். மிளகாய் மூட்டையும் மல்லி மூட்டையும் இறங்குகிற கடையில் தூசி கேஸுக்குள் போகாது, ஆனால் சாவித் திருகைச் சுற்றிப் படியும், சாவி கொடுக்கும் முன் துடைத்துவிட வேண்டும். ஸ்பீக்கர், காந்த மூடி வைத்த போன் கவர் இவற்றின் பக்கம் வைக்காதீர்கள். ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறிவிட்டால் வாட்ச் திடீரென்று வேகமாக ஓட ஆரம்பிக்கும். பயப்பட வேண்டாம், காந்தம் இறக்குகிற மெஷின் ரிப்பேர் கடையில் இருக்கும், சில நொடி வேலை.

மச்சானிடம் நான் சொன்னது இதுதான்: கல்லாவில் உட்கார்ந்து தினமும் கட்ட வேண்டுமென்றால் டிஸ்ஸோ. வேலைப்பாட்டைத் தேடி, பேரனுக்குக் கொடுக்கிற பொருளாக வாங்குவதென்றால் ஓடெமார் பிகே, அதுவும் கம்பெனி கடையில் கையில் வாங்கிப் பார்த்த பிறகு. அதற்குக் காத்திருக்கச் சொல்வார்கள், காத்திருக்கலாம். கல்யாணத் தேதிக்குள் கிடைக்க வேண்டும் என்ற அவசரத்தில் நடுவில் உள்ள ஒன்றை வாங்கிவிடக் கூடாது. கார்ட்டியேயைப் பார்த்ததும் அந்த ரோமன் எண்களில் மனசு போய்விட்டால், அது வடிவத்துக்கான காதல் என்று தெரிந்தே வாங்கட்டும், அதிலும் எனக்குச் சந்தோஷம்தான்.

பணம் கட்டும்போது: இரண்டு லட்சத்தைத் தாண்டினால் பான் எண் கொடுக்க வேண்டும், அந்தத் தொகையை ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்குச் சட்டத்தில் இடமில்லை. 10 லட்சத்துக்கு மேல் போகிற வாட்சுக்கு 2025 ஏப்ரல் 22லிருந்து 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது கடைக்காரரே நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்டுகிற வரி, பிடிக்கிறார்கள், வருமான வரி கட்டும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், பில்லில் அது தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி அட்டையில் உள்ள சீரியல் நம்பரும் கேஸில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று கடையிலேயே ஒப்பிடுங்கள். சர்வீஸ் எந்த ஊருக்குப் போகும், திரும்பி வர எவ்வளவு நாள், முழு சர்வீஸுக்கு இன்றைய கட்டணம் என்ன என்ற மூன்றையும் எழுதி வாங்கிவிடுங்கள். ஸ்கெலிட்டன் மெஷினைக் கழற்றி மாட்டுவது சாதாரண மெஷினைவிட நுணுக்கமான வேலை, திருகாணி போடுபவர் கை வழுக்கினால் விழுகிற கீறலை மறைக்க மேலே டயல் கிடையாது.